ஒன்றரைச் சதுர அங்குல இறப்பர்: பனியிலும் கண்டி மழையிலும் சைக்கிள் டயர்

துவிச்சக்கர வண்டியின் டயர் எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதைக் குளிர்நாட்டவர் வெண்பனி மூடிய வீதியில் சோதித்து அறிகின்றனர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த கண்டியில் பனி பொழிவதில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில்கூட, ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் சில விடியற்காலைகளில் புல்வெளிகள்மீதும் தேயிலைக் கொழுந்துகள்மீதும் படியும் துகள் உறைபனி, வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. ஆயினும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர் மழை பெறும், சரிவில்லாத வீதிகள் அரிதாகவே காணப்படும் கண்டி நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சைக்கிள் ஓட்டுபவர் எதிர்கொள்ளும் சிக்கலும் பனிநாட்டுச் சிக்கலும் அடிப்படையில் ஒன்றே: இறப்பருக்கும் தரைக்கும் இடையில் நீர் புகுந்து, இரண்டும் ஒன்றையொன்று பற்றுவதைத் தடுக்கிறது. பனியில் டயர் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், கண்டி மழையில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதும் தெளிவாகும்.

ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 90 கிலோகிராம் எடை என்றும், அந்தச் சுமையை இரு சில்லுகளும் சமமாகத் தாங்குகின்றன என்றும் கொண்டால், ஒவ்வொரு டயரின்மீதும் 45 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ 99 இறாத்தல் சுமை விழும். டயரில் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் அமுக்கத்தில் காற்று நிரப்பப்பட்டிருந்தால், தரையைத் தொடும் இறப்பரின் பரப்பு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர அங்குலத்தைச் சற்றே தாண்டும். அமுக்கத்தை 40 இறாத்தலாகக் குறைத்தால் அது இரண்டரைச் சதுர அங்குலமாக விரியும். டயரின் பக்கச்சுவர்களின் விறைப்பும் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவதால் இக்கணக்கு முற்றிலும் துல்லியமானதன்று என்றாலும், நடைமுறைக்கு இது போதும். ஒரு முத்திரையின் அளவேயுள்ள இந்தத் திட்டுத்தான் வண்டியை முன்னே தள்ளுகிறது, திருப்பத்தில் தாங்குகிறது, பிரேக் பிடிக்கும்போது நிறுத்துகிறது. டயர் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், ஒரு கணத்தில் ஓட்டுநரின் உயிரைத் தாங்கிநிற்பது அவ்வளவு இறப்பர் மட்டுமே.

அந்தச் சிறு பரப்பில் இறப்பர் தரையைப் பற்றுவது இரண்டு வழிகளில் நிகழ்கிறது. முதலாவது ஒட்டற்பிடிப்பு: உலர்ந்த தளத்தில் இறப்பரின் மூலக்கூறுகள் தார்ப் பரப்பின் மூலக்கூறுகளுடன் மிக நெருங்கிக் கணநேரம் ஒட்டிப் பின் விடுபடுவதால் எழும் எதிர்ப்பு அது. இரண்டாவது, இறப்பர் தளத்திலுள்ள கற்களின் கூர்முனைகளுக்கேற்ப அமுங்கி, அவற்றைத் தாண்டியதும் சற்றுத் தாமதித்தே பழைய வடிவத்துக்குத் திரும்புவதால் எழுவது. இந்தத் தாமதத்தில் சக்தி வெப்பமாக இழக்கப்படுகிறது, அந்த இழப்பே வழுக்கலை எதிர்க்கும் விசையாகிறது. மழைநீர் மெல்லிய படலமாக இடையில் நுழைந்தவுடன் முதலாவது பிடிப்பு பெருமளவு குறைந்துபோகிறது. இரண்டாவது மட்டும் எஞ்சுகிறது. நனைந்த வீதியில் தளத்தின் சொரசொரப்பும் இறப்பரின் தன்மையும் முக்கியமாவது இதனால்தான். உராய்வுக் குணகம் என்பது, வழுக்காமல் தாங்கக்கூடிய விசை சுமையின் எத்தனை பங்கு என்பதைக் காட்டும் எண். அது உலர்ந்த தார் வீதியில் ஏறத்தாழ 0.8 ஆகவும், நனைந்த வீதியில் 0.4 முதல் 0.6 வரையும், இறுகிய பனியில் 0.2 அளவிலும், வழுவழுப்பான பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் குறைவாகவும் இருக்கும்.

இந்த இடத்தில் பரவலாக நிலவும் ஒரு நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். டயரின் மேற்பரப்பில் வெட்டப்பட்ட பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றி வண்டியைக் காக்கின்றன என்றும், ஆகவே மழைக்காலத்துக்கு ஆழமான கோலங்கொண்ட டயரே சிறந்தது என்றும் கடைக்காரரும் வாங்குபவரும் ஒருசேர எண்ணுகின்றனர். மோட்டார் காருக்கு இது உண்மை. அகன்று தட்டையான கார் டயர் வேகமாக நீரின்மேல் ஓடும்போது, நீர் விலகிச்செல்ல நேரமின்றி அதன் அடியில் ஆப்புப்போல் புகுந்து டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடக்கூடும். 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளைக்கொண்டு இந்த மிதப்பை ஆராய்ந்து, அது நிகழும் வேகம் டயரின் காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமானது என்று கண்டனர். அவர்களது சூத்திரத்தின்படி 30 இறாத்தல் அமுக்கமுள்ள கார் டயர் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். 60 இறாத்தல் அமுக்கமுள்ள சைக்கிள் டயர் மிதக்க வேண்டுமாயின் மணிக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர் வேகத்தை எட்ட வேண்டும். ஒடுங்கியும் வளைந்தும் இருக்கும் சைக்கிள் டயர் நீரைத் தானே பிளந்துகொண்டு செல்வதால், கடுகண்ணாவைக் கணவாயில் எவ்வளவு விரைந்து இறங்கினாலும் அந்த நிலை நேராது. தார் வீதியில் மழைக்காக வெட்டப்படும் பள்ளங்கள், தரையைத் தொடும் ஒன்றரைச் சதுர அங்குலத்தில் ஒரு பங்கை வீணே குறைப்பதைத் தவிரப் பெரிதாக எதையும் செய்வதில்லை. கோலமேயில்லாத வழவழப்பான டயர், நல்ல இறப்பரால் ஆனதாயின், நனைந்த தாரில் முட்டுமுட்டான டயரைவிட நன்றாகவே பிடிக்கும்.

அவ்வாறாயின் உண்மையில் வேறுபாட்டை உண்டாக்குவது இறப்பர். அந்த இறப்பரின் வரலாற்றில் கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைத் தாவரவியற் பூங்காவுக்கு உலகம் மறந்துவிட்ட ஒரு பங்கு உண்டு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவை அவற்றுள் மிகச் சிலவே. அம்முளைகளில் பெரும்பங்கு, 1,900க்கு மேற்பட்ட நாற்றுகள், அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைட்ஸ் அவற்றைப் பொறுப்பேற்றார். இறப்பர் மரம் வெப்பமான தாழ்நிலத்தையே விரும்பும் என்பதால், கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் புதிதாக ஒரு பூங்கா அமைக்கப்பட்டு நாற்றுகள் அங்கே நடப்பட்டன. ஜோன் பொய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தம் மகனின் முச்சக்கரச் சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்தி, அதற்குக் காப்புரிமை பெற்ற 1888ஆம் ஆண்டிலேயே, துவைட்ஸுக்குப் பின் பணிப்பாளராக வந்த ஹென்றி ட்ரைமன் ஹெனரத்கொடை மரங்களில் சோதனையாகப் பால்வெட்டத் தொடங்கினார். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ரொபர்ட் வில்லியம் தொம்சன் 1845இலேயே காற்றுச் சில்லுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர் வெளிப்பட்டதால் டன்லப்பின் உரிமை செல்லாமற்போயிற்று. ஆனால் சைக்கிளும் காற்று டயரும் சேர்ந்து எழுப்பிய இறப்பர்த் தேவையை எந்த நீதிமன்றமும் நிறுத்த முடியவில்லை. 1906இல் இறப்பருக்கென ஒரு பெரிய கண்காட்சி பேராதனைப் பூங்காவிலேயே நடைபெற்றது. இன்றும் கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே, மாவனெல்லையைத் தாண்டிக் கேகாலை வரை செல்லும் வீதியின் இருமருங்கிலும் இறப்பர்த் தோட்டங்களைக் காணலாம்.

மரத்திலிருந்து வரும் பாலைப் பதப்படுத்திக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கும் முறை வல்கனைசுப்படுத்தல் எனப்படும். இதை 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்தார். அவ்வாறு உறுதிப்படுத்தப்பட்ட இயற்கை இறப்பருக்கு ஒரு சிறப்பும் ஒரு குறையும் உண்டு, இரண்டும் ஒரே குணத்திலிருந்து பிறப்பவை. அமுக்கினால் மிக விரைவாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுவதால் அதில் சக்தி குறைவாகவே வீணாகிறது; வண்டி இலேசாக உருள்கிறது. ஆனால் நனைந்த தளத்தில் பிடிப்பைத் தருவது அந்தச் சக்தியிழப்பே ஆகையால், இயற்கை இறப்பர் மட்டும் உள்ள டயர் மழையில் எதிர்பார்க்குமளவு பற்றுவதில்லை. உற்பத்தியாளர்கள் செயற்கை இறப்பரையும், உறுதிக்காகக் கரித்தூளையும் கலக்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் கார் டயர்களில் கரித்தூளின் பெரும்பங்குக்குப் பதிலாகச் சிலிக்கா என்னும் நுண்மணற் பொருளைச் சேர்த்தபோது, எளிதாக உருள்வதும் ஈரத்தில் பிடிப்பதும் ஒரே டயரில் பெருமளவு கைகூடின. நல்ல சைக்கிள் டயர்களிலும் இன்று அந்தக் கலவை உண்டு. மலிவான டயர்களோ தேயாமல் நெடுங்காலம் உழைக்க வேண்டும் என்பதற்காகவே கடினமான கலவையில் வார்க்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்துச் சமதரையில் அது ஒரு குறையே அன்று. 1990களின் எரிபொருள் தடைக் காலத்தில் அங்கே ஒரு சமுதாயம் முழுவதும் அத்தகைய டயர்களின்மேல் மூட்டையும் விறகும் நோயாளியும் ஏற்றி வாழ்ந்திருக்கிறது. டயர் அங்கே உருண்டால் போதும். கண்டியில் அது இறுகப் பற்றவும் வேண்டும். மழை பெய்யும் சரிவில், பத்தாண்டு உழைக்கும் கடினமான டயர் ஓட்டுநருக்கு நன்மை செய்வதில்லை.

குளிர் மிகுந்தால் நிலைமை மாறுகிறது. எந்த இறப்பரும் ஒரு குறித்த வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடிபோல் விறைத்துவிடும்; இயற்கை இறப்பருக்கு அந்த எல்லை மறை 70 பாகை செல்சியஸ் அளவில் இருப்பதால், கார்களுக்கான பனிக்கால டயர்களில் கோடைக்கால டயர்களைவிட அதிகமான இயற்கை இறப்பர் சேர்க்கப்படுவது வழக்கம். ஈரத் தாரில் இயற்கை இறப்பரின் குறையாகத் தோன்றியது, உறைபனியில் அதன் பெருமையாகிறது. வெப்பமண்டலத் தாழ்நில மரமொன்றின் பால், அந்த மரம் ஓர் இரவுகூடப் பிழைக்க முடியாத குளிரில் மென்மை மாறாமல் நிற்பது வியந்து போற்றத்தக்கது.

பனி என்பது ஒரே தளமன்று. புதிதாக விழுந்த இலேசான பனியின் ஆழம் ஒரு சில அங்குலத்தைத் தாண்டாதவரை, ஒடுங்கிய டயர் அதைக் கிழித்துக்கொண்டு அடித்தளத்தை அடைந்துவிடும். ஆழம் கூடினால் அதே டயர் புதைந்து நின்றுவிடும். அத்தகைய பனிமேல் செல்லச் சுமையைப் பரப்ப வேண்டும். அலாஸ்காவில் 1987இல் தொடங்கிய இடிடாபைக் என்னும் பனிவழிப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கம்பக்கமாக ஒட்டி அகன்ற சில்லுகளைச் செய்துபார்த்தனர். 2005இல் அமெரிக்காவின் சர்லி நிறுவனம் ஏறத்தாழ நான்கு அங்குல அகல டயருடன் பக்ஸ்லி என்னும் சைக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அது பொதுவழக்காயிற்று. இவ்வகை டயர்களில் 8 இறாத்தல் அளவுக்குக் குறைந்த காற்றே நிரப்பப்படும். மேற்சொன்ன கணக்கின்படி தரையைத் தொடும் பரப்பு பன்னிரண்டு சதுர அங்குலமாகிறது, வண்டி பனியில் புதையாமல் அதன்மேலே செல்கிறது. பள்ளக்கோலம் பெரும்பயன் தருவதும் இங்குதான்: பிட்டுக்குக் குழைத்த மா கைப்பிடியில் இறுகுவது போல, டயரின் பள்ளங்களுக்குள் பனி இறுகி நிரம்பி, தரையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்கிறது, பனி பனியைப் பற்றுவதுபோல இறப்பர் பனியைப் பற்றுவதில்லை.

வாகனங்கள் ஓடி இறுகி, உருகி, மீண்டும் உறைந்த பனிக்கட்டியில் அகலமும் பள்ளமும் பயன்படுவதில்லை. பூச்சியப் பாகைக்கு அண்மையில், மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்திருக்கும் பனிக்கட்டியே மிகவும் வழுக்கும். மறை 20 பாகையில் அதே கட்டி ஓரளவு பிடிக்கும். இதற்கென டங்ஸ்டன் காபைட்டு என்னும் மிகக் கடினமான பொருளாலான நூற்றுக்கு மேற்பட்ட சிற்றாணிகள் பதித்த டயர்கள் உள்ளன. ஆண்டின் பல மாதங்கள் பனி மூடிக்கிடக்கும் பின்லாந்தின் ஔலு நகரில், சைக்கிள் பாதைகள் பனிக்காலம் முழுவதும் முறையாகப் பராமரிக்கப்படுவதால் மக்கள் வழமைபோல் ஓட்டுகின்றனர். ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய இலங்கைத் தமிழர் வாழும் வீதிகளிலும் பனிக்காலத்தில் இத்தகைய பனிக்கட்டி படிவதுண்டு. ஆணி டயர் ஒன்றையே வாங்க இயலுமானால் அதை முன்சில்லில் பொருத்துவதே நன்று. பின்சில்லு வழுக்கினால் வண்டியைத் திருத்திக்கொள்ள ஒரு கணமாவது கிடைக்கும், முன்சில்லு வழுக்கினால் அதற்குள் ஓட்டுநர் தரையில் கிடப்பார்.

பனிநாடுகளின் நகரங்கள் பலவற்றுக்கு இல்லாத ஒரு சுமை கண்டிக்கு உண்டு, அது சரிவு. ஹந்தானை, ஹீரஸ்ஸகலை, அன்னிவத்தை ஆகிய பக்கங்களுக்கு ஏறும் வழிகளில் நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் பகுதிகளும் அதனினும் செங்குத்தானவையும் உள்ளன. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, உராய்வுக் குணகம் 0.5 ஆகவுள்ள நனைந்த சமதரையில் முழுப் பிடிப்பையும் பயன்படுத்தினால் ஏறத்தாழ 7 மீற்றரில் நிற்கும். பத்துக்கு ஒன்று சரிவில் இறங்கும்போது ஈர்ப்புவிசை அந்த 0.5இல் 0.1ஐ எடுத்துக்கொள்வதால் நிறுத்தத் தூரம் 9 மீற்றருக்கு நெருங்கும். இறுகிய பனியில் இதே சரிவில் 35 மீற்றர் தேவைப்படும், குணகம் 0.1 ஆகவுள்ள பனிக்கட்டியில் ஈர்ப்பும் உராய்வும் சமமாகிவிடுவதால் வண்டி நிற்கவே நிற்காது. பிரேக்கின் அழுத்தம் உச்சநிலையைத் தாண்டிச் சில்லு பூட்டிக்கொண்டால் பிடிப்பு மேலும் குறையும் என்பதால், உண்மையான தூரம் எப்போதும் இந்த எண்களைவிடக் கூடுதலே.

திருப்பங்களில் கணக்கு இன்னும் கடுமையானது. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் ஏ26 வீதியின் புகழ்பெற்ற பதினெட்டு வளைவுகளைப் போன்ற கொண்டையூசி வளைவொன்றின் ஆரை 15 மீற்றர் என்று கொண்டால், மணிக்கு 25 கிலோமீற்றரில் திரும்பும் வண்டிக்கு 0.33 உராய்வு போதும். மணிக்கு 35 கிலோமீற்றரில் 0.64 தேவைப்படும். உலர்ந்த நாளில் இரண்டும் இயலும். மழைநாளில் இரண்டாவது பெரும்பாலும் விழுந்தே முடியும். வெறும் பத்துக் கிலோமீற்றர் வேக வேறுபாடு, எந்த விலையுயர்ந்த டயரும் ஈடுசெய்ய முடியாத வேறுபாடாகிவிடுகிறது.

வளைவின் நடுவே பிரேக் பிடிப்பது அதைவிட ஆபத்தானது. தாங்கவும் நிறுத்தவும் பயன்பட வேண்டிய பிடிப்பு ஒரே சேமிப்பிலிருந்து செலவாவதால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு உருள்வதே முறை. பழைய சைக்கிள்களின் நிக்கல் அல்லது குரோமியம் பூசிய இரும்பு ரிம்கள் நனைந்தால், பிரேக் கட்டைகள் நீரைத் துடைத்தெடுக்கும் வரை பிடிப்பு பல மடங்கு குறைந்துவிடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய வண்டியை மழையில் ஹந்தானையிலிருந்து இறக்குபவர், டயரைக் குறைகூறுவதற்கு முன்பு பிரேக்கையே மாற்ற வேண்டியவர். அலுமினிய ரிம்மும் தட்டு பிரேக்கும் இக்குறையைப் பெருமளவு நீக்குகின்றன.

மழையில் வீதி முழுவதும் ஒரே அளவில் வழுக்குவதுமில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட வாரங்களில் தார்மேல் படிந்த எண்ணெயும் புகைக்கரியும் தூசியும், இடைப்பருவ இடிமழையின் முதல் நிமிடங்களில் நீருடன் கலந்து மெழுகுபோல் பரவும். மழை வலுத்துக் கழுவிய பின் அதே வீதி ஓரளவு பாதுகாப்பானதாகும். பாதசாரிக் கடவையின் வெள்ளைப் பூச்சுக்கும், வடிகால் மூடிய இரும்புத் தகட்டுக்கும், கண்டிக் குளத்தைச் சுற்றிய வீதியில் பெருமரங்கள் உதிர்த்த இலைகள் ஊறிக்கிடக்கும் ஓரங்களுக்கும், வெயில் படாத மதிலோரப் பாசிக்கும் சொரசொரப்பே இல்லை. இறப்பர் பற்றுவதற்குக் கற்களின் முனைகள் அங்கே கிடையா. மாத்தளைக்குச் செல்லும் தொடருந்துப் பாதை கண்டி நகருக்குள் வீதிகளைக் கடக்கும் இடங்களில், நனைந்த தண்டவாளத்தைச் செங்கோணத்தில், பிரேக்கும் திருப்பமும் இன்றிக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் ஒடுங்கிய டயர் தண்டவாளத்தின்மேல் வழுக்கும், அல்லது அதையொட்டிய பள்ளத்துக்குள் சிக்கும்.

கலஹா, தெல்தோட்டைப் பகுதிகளின் தோட்டப் பாதைகளில், மழைநாளில் தார் முடிந்து செம்மண்ணும் உடைகல்லும் தொடங்கும் இடத்தில், மேலே சொன்ன டயர் விதி தலைகீழாகிறது. இளகிய சேறு, பனியைப் போலவே, டயர் ஊன்றிக்கொள்ளக்கூடிய தளம். அங்கே உயர்ந்து இடைவெளிவிட்டு நிற்கும் முட்டுகள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கின்றன, இடைவெளி குறைந்தால் சேறு அடைத்துக்கொண்டு டயர் வழவழப்பாகிவிடுகிறது. லயத்திலிருந்து பிரதான வீதிவரை மண்ணிலும், அங்கிருந்து நகர்வரை தாரிலும் ஓடும் மாணவருக்கும் தொழிலாளருக்கும், நடுவில் தொடர்ச்சியான இறப்பர்ப் பட்டையும் இரு ஓரங்களில் முட்டுகளும் கொண்ட, ஒன்றேமுக்கால் முதல் இரண்டு அங்குல அகல டயர் ஏற்றது.

காற்றைப் பொறுத்தவரை, டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டுள்ள உச்ச எண் வரை அடித்து இறுக்குவது நம் சைக்கிள் கடைகளின் வழக்கமாயிருக்கிறது. அந்த எண் தாண்டக்கூடாத எல்லையே ஒழிய, எட்ட வேண்டிய இலக்கன்று. மழைக்காலத்தில், இரண்டங்குல டயரில் ஓட்டுநரின் எடைக்கேற்ப 35 முதல் 45 இறாத்தல் வரை, முன்சில்லில் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டால், இறப்பர் கற்களின்மேல் நன்கு படிந்து பிடிக்கும். அதற்கும் கீழே போனால் குழிகளில் ரிம் இடித்து டியூப் நசுங்கும். அகலம், காற்று, கலவை ஆகிய மூன்றும் சரியாக இருந்தும் டயர் பழையதாயிருந்தால் பயனில்லை: வெயிலும் வளியிலுள்ள ஓசோனும் இறப்பரை ஆண்டுதோறும் கடினமாக்குகின்றன, பக்கச்சுவரில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது நாடெங்கும் மூலையில் கிடந்த சைக்கிள்கள் துடைத்தெடுக்கப்பட்டு வீதிக்கு வந்தன. அவற்றில் பலவற்றின் டயர்கள் தேயாமலேயே முதிர்ந்தவை. கோலம் புதிதாகத் தெரிகிறதா என்று பார்ப்பதைவிட, நகத்தை இறப்பரில் அழுத்திப் பார்ப்பது நல்ல சோதனை: நகம் சற்றே பதிந்து, தடம் மெல்ல மறைந்தால் அந்த டயர் இன்னும் பற்றும், கல்லைப்போல் நகத்தைத் தடுத்தால், மழைக்கு முன்னரே அதை மாற்றிவிட வேண்டும்.